கரியமில வாயுவை எங்கே புதைப்பது: ஆழ்நிலக்கரியிலா, வற்றிய எரிவாயு வயலிலா, உவர்நீர்ப் பாறையிலா?

மலேசியாவின் காப்பார் என்ற ஊரிலிருந்து வரும் பொறியியல் மாணவர் ஒருவர், இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்பை முடிவு செய்ய முடியாமல் இரண்டு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மாடியில் நின்றால் அங்குள்ள நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். பிரிக்பீல்ட்சில் சனிக்கிழமைதோறும் நான் நடத்தும் அறிவியல் வகுப்பு முடிந்ததும் அவர் கேட்டது இது: "சார், அந்தப் புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து, ஆழத்தில் கிடக்கும் நிலக்கரிக்குள் செலுத்தினால் அங்கிருந்து மீத்தேன் வெளியேறுமாம், அதை விற்றே செலவை ஈடுகட்டலாமாம். அப்படியிருக்க, எல்லாரும் ஏன் கடலுக்கடியில் புதைப்பதைப் பற்றியே பேசுகிறார்கள்?"

இதே கேள்வியை வேறு சொற்களில் எழுதிக் கேட்ட வாசகர்களும் உண்டு. சிலர் எதைப் படிப்பது என்று தயங்குகிறார்கள். சிலர் அரசு எதற்குப் பணம் ஒதுக்கினால் நல்லது என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள். கேள்வி நியாயமானது. கழிவைக் கொடுத்து எரிபொருளை வாங்கும் பரிமாற்றம் என்று கேட்டால் யாருக்கும் ஆசை வரும். அந்த ஆசையைக் கணக்கோடு உரசிப் பார்ப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

ஓர் இடம் எவ்வளவு வாயுவைக் கொள்ளும் என்பதைத்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமானது, அது எவ்வளவு வேகமாக ஏற்றுக்கொள்ளும் என்பது. 1,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 மில்லியன் டன், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 15,000 டன் கரியமில வாயுவை வெளியிடுகிறது. இந்த 15,000 என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். கட்டுரை முழுவதும் அதுவே நமக்கு எடைக்கல்.

அடுத்தது, உள்ளே போன வாயு உள்ளேயே நிற்குமா, நிற்கிறது என்பதை மேலிருந்து கண்டறிய முடியுமா என்பது. மூன்றாவது நிகரக் கணக்கு: புதைத்த அளவிலிருந்து, புதைப்பதற்காகவும் புதைத்ததன் விளைவாகவும் வளிமண்டலத்துக்குப் போனதைக் கழித்தால் என்ன மிஞ்சுகிறது? நான்காவது, விலைப்பட்டியலில் வராத செலவுகள். கடைசியாக, அந்த இடத்துக்கு மேலே யார் வாழ்கிறார்கள், கிணற்றை மூடிய பிறகு பொறுப்பு யாருடையது என்பன.

புகையிலிருந்து வாயுவைப் பிரித்தெடுக்கும் செலவு தலைப்பில் சொன்ன மூன்று வழிகளுக்கும் பொது என்பதால் அதை ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆனால் அந்த வேலையே மின்நிலையத்தின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை தின்றுவிடும் என்பதை மறந்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

## ஆழ்நிலக்கரிப் படுகை, மீத்தேனோடு சேர்த்து

என் மேசையில், பழைய சுரங்க ஊரான பத்து ஆராங்கிலிருந்து எடுத்து வந்த நிலக்கரித் துண்டு ஒன்று இருக்கிறது. சாளர வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், அதன் முகத்தில் மெல்லிய கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஓடுவது தெரியும். வாயுவும் நீரும் நிலக்கரிக்குள் நடமாடுவது இந்தப் பிளவுகளின் வழியாகத்தான். கோடுகளுக்கு இடையில் கெட்டியாகத் தெரியும் பகுதி உண்மையில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளால் ஆனது; ஒரு கிராம் நிலக்கரியின் உட்பரப்பு பெரும்பாலும் 100 சதுர மீட்டரைத் தாண்டும். மீத்தேன் அந்தப் பரப்பில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. வழக்கமான எரிவாயு வயலில் மணற்கல்லின் துளைகளுக்குள் வாயு அழுத்தத்தில் அடைபட்டிருக்கும். இங்கே அது பரப்பில் பற்றிக்கொண்டிருக்கிறது. வேறுபாடு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

கரியமில வாயுவை உள்ளே செலுத்தினால், மீத்தேனைவிட அதை நிலக்கரி விரும்பிப் பற்றிக்கொள்கிறது. முதிர்ந்த கருநிலக்கரியில் ஒரு மீத்தேன் மூலக்கூறு பிடித்திருந்த இடத்தை ஏறக்குறைய இரண்டு கரியமில வாயு மூலக்கூறுகள் பிடிக்கும்; முதிராத பழுப்பு நிலக்கரியில் இந்த விகிதம் பத்துக்கு ஒன்று வரைகூடப் போகும். இடம் இழந்த மீத்தேன் பிளவுகளின் வழியே அருகிலுள்ள உற்பத்திக் கிணற்றுக்கு நகர்கிறது. ஒட்டிக்கொண்ட கரியமில வாயு, அழுத்தம் குறையாத வரையில், தானாகப் புறப்பட்டுப் போவதில்லை. பிடித்து வைத்தல் என்ற அளவுகோலில் இந்த வழிக்கு நல்ல மதிப்பெண் தரத்தான் வேண்டும்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. வாய் குறுகிய டப்பாவில் உளுத்தம்பருப்பைத் தட்டித் தட்டி விளிம்பு வரை நிரப்பித் தண்ணீர் ஊற்றிவைத்தால், சில மணி நேரத்தில் பருப்பு ஊறிப் பருத்து, இடைவெளிகளை அடைத்து, மேற்கொண்டு ஊற்றும் தண்ணீர் எளிதில் இறங்க விடாமல் மறிக்கும். கரியமில வாயுவை உள்வாங்கும் நிலக்கரியும் அப்படியே பருக்கிறது. அது ஆழத்தில் நாற்புறமும் இறுகிக் கிடப்பதால் வெளிப்புறமாக விரிய வழியில்லை. தன் பிளவுகளைத் தானே நெருக்கிக்கொள்கிறது. அதாவது எந்தக் குணத்தால் அது வாயுவைப் பற்றிக்கொள்கிறதோ, அதே குணத்தால் அடுத்து வரும் வாயுவுக்குக் கதவைச் சாத்துகிறது.

களச் சோதனைகள் இதைக் காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் சான் ஹுவான் படுகையில், நியூ மெக்சிகோவின் அல்லிசன் பகுதியில், 1995-இல் தொடங்கி 2001 வரை நான்கு கிணறுகளில் சில லட்சம் டன் செலுத்தப்பட்டது. அது உலகின் மிக நல்ல நிலக்கரிப் படுகைகளில் ஒன்று. அங்கேயே உட்செலுத்தும் திறன் முதலில் வெகுவாகச் சரிந்து, பிறகுதான் ஓரளவு மீண்டது. போலந்தின் மேல் சைலீசியாவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் நடந்த ரெக்கோபோல் திட்டத்தில், 2004, 2005 ஆண்டுகளில் சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில் செலுத்த முடிந்தது ஏறக்குறைய 760 டன் மட்டுமே. பாறையை உடைத்து வழி ஏற்படுத்திய பின்னரே தொடர்ந்து செலுத்த முடிந்தது, அதுவும் நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து டன். ஜப்பானின் ஹொக்கைடோவில் யூபாரி என்ற இடத்தில் 2004 முதல் 2007 வரை நடந்த சோதனையில் ஒரு கிணறு நாளொன்றுக்குச் சில டன்களையே ஏற்றது. இடையில் நைட்ரஜனைச் செலுத்தியபோது நிலக்கரி சற்றுச் சுருங்கி வழிவிட்டது. மறுபடி கரியமில வாயு போனதும் அந்தப் பயன் நிலைக்கவில்லை.

இப்போது அந்த 15,000 டன்னை நினைத்துப் பாருங்கள். ஒரு கிணறு நாளொன்றுக்குப் பதினைந்து டன் ஏற்றினால், ஒரே ஒரு பெரிய மின்நிலையத்துக்கு ஆயிரம் உட்செலுத்தும் கிணறுகள் வேண்டும். மீத்தேன் எடுக்கும் கிணறுகள் அவற்றுக்கு மேல்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகளும் இங்கேதான் அதிகம். மீத்தேன் கிணறு முதலில் தருவது வாயுவை அன்று, நீரை. பிளவுகளை நிறைத்திருக்கும் அந்த நீரை, பெரும்பாலும் உப்பு நீரை, மாதக்கணக்கில் இறைத்து எங்கேனும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் வேர் உள்ள நம் குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மன்னார்குடி நிலக்கரிப் படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்துக்கு எதிராகக் காவிரி டெல்டா எழுந்து நின்றது முதன்மையாக நிலத்தடி நீரை நினைத்துத்தான். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் அந்தப் பரப்புரையின் நடுவில்தான் காலமானார். அந்தத் திட்டத்தில் கரியமில வாயுவைப் புதைக்கும் பேச்சு இருக்கவில்லை. ஆனால் கரியமில வாயுவைச் சேர்த்தாலும் நீர் இறைக்கும் வேலை இல்லாமல் போகாது.

மற்றொரு செலவு, அந்த நிலக்கரியை இனி எக்காலத்திலும் வெட்டக்கூடாது என்பது. வெட்டினால் புதைத்தது வெளியே வந்துவிடும். ஆகவே வெட்டி எடுக்க இலாயக்கில்லாத அளவுக்கு ஆழத்தில் இருக்கும் படுகையாகத் தேட வேண்டும். ஆழம் கூடினாலோ மேற்பாரம் பிளவுகளை இறுக்கிவிடுவதால் வாயு நுழையும் வழி குறைகிறது. ஆழமாகவும் இருக்க வேண்டும், வழிவிடவும் வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாகக் கூடிவரும் படுகைகள் உலகில் குறைவு.

## மீத்தேன் வருமானத்தின் மறுபக்கம்

இந்தப் பகுதியில் கொஞ்சம் நிதானமாக நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் இதை ஆதரிக்கும் பேச்சுகளில் பெரும்பாலும் காணாமல் போவது இதுதான்.

முதிர்ந்த நிலக்கரியில், இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில், ஒரு டன் கரியமில வாயுவைப் புதைத்தால் சுமார் 180 கிலோ மீத்தேன் கிடைக்கும். ஒரு கிலோ மீத்தேனை எரித்தால் 2.75 கிலோ கரியமில வாயு வரும். ஆகவே கிடைத்த மீத்தேன் முழுவதும் எரிந்தால் 500 கிலோ மறுபடி மேலே போகிறது. புதைத்ததில் பாதி, விற்ற வாயுவின் வழியாகத் திரும்பி வந்துவிட்டது.

இது கசிவே இல்லாத நிலை. கிணறுகள், குழாய்கள், அழுத்தி இயந்திரங்கள் ஆகியவற்றில் 3 விழுக்காடு மீத்தேன் எரியாமல் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். சுமார் ஐந்தரைக் கிலோதான். ஆனால் இருபது ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடிப்பது. அந்த ஐந்தரைக் கிலோ, 430 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். எரிந்த பகுதியையும் சேர்த்துக் கழித்தால், ஒரு டன்னில் மிஞ்சுவது சுமார் 80 கிலோ. நூறு ஆண்டுக் கணக்கில், 28 மடங்கு என்று எடுத்தால், சுமார் 360 கிலோ மிஞ்சும். இதற்குள் வாயுவைப் பிரித்தெடுக்கவும் அழுத்தவும் செலவான ஆற்றல் இன்னும் கழிக்கப்படவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. அந்த மீத்தேன் நிலக்கரிக்குப் பதிலாக எரிக்கப்பட்டால், அதே வெப்பத்துக்கு நிலக்கரி வெளியிடுவதில் ஏறக்குறைய பாதியோ சற்றுக் கூடுதலோதான் அது வெளியிடும். அப்போது கணக்கு நன்றாகவே மாறும். எந்த அனல் உலை உண்மையில் நிறுத்தப்பட்டது என்று காட்ட முடிந்தால் அந்த வாதத்தை ஏற்கலாம். இருக்கும் எரிபொருளோடு இன்னொன்றாகச் சந்தையில் சேர்ந்துவிட்டால் ஏற்க முடியாது.

முதிராத நிலக்கரியில் விகிதம் பத்துக்கு ஒன்று என்பதால் நிகரக் கணக்கு மிக நன்றாக வரும். ஆனால் ஒரு டன்னுக்குக் கிடைக்கும் மீத்தேன் 36 கிலோதான்; செலவை அது ஈடுகட்டும் என்ற பேச்சு அங்கே எழாது. பணம் தரும் நிலக்கரி காற்றுக்கு நன்மையைக் குறைவாகவும், காற்றுக்கு நன்மை தரும் நிலக்கரி பணத்தைக் குறைவாகவும் தருகின்றன. தேர்வு செய்பவர் இவற்றில் எதை நாடுகிறார் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

## வற்றிய எரிவாயு வயல்

எரிவாயு எடுத்துத் தீர்ந்த வயலுக்கு ஒரு பெரிய சான்று கையில் இருக்கிறது: கோடிக்கணக்கான ஆண்டுகள் அது வாயுவை வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறது. வயலுக்கு மேலே மூடிபோல் கிடக்கும் மூடுபாறை நம்பகமானது என்பதை யாரும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. பாறையின் அமைப்பு, துளைகளின் அளவு, அழுத்தம் எல்லாம் பல்லாண்டு உற்பத்திப் பதிவேடுகளில் இருக்கின்றன. மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ நிலக்கரியைப் போலப் பருத்து வழியை அடைப்பதுமில்லை.

நம் நாட்டில் இதற்கான பெரிய எடுத்துக்காட்டு சரவாக் கடலில் இருக்கிறது. பிந்துலுவுக்கு அப்பால் உள்ள கசவாரி வயலின் எரிவாயுவில் கரியமில வாயு மிக அதிகம். அதைப் பிரித்து, 138 கிலோமீட்டர் குழாய் வழியாகக் கொண்டுபோய், எம்1 என்ற வற்றிய வயலில் ஆண்டுக்கு 3.3 மில்லியன் டன் வரை செலுத்தும் திட்டத்துக்கு, நாட்டின் தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் 2022 நவம்பரில் இறுதி முதலீட்டு முடிவை எடுத்தது. ஒன்றை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும்: அது புதிய எரிவாயுவை விற்பதற்காகப் பிரிக்கப்படும் கரியமில வாயு. காப்பார்ப் புகைபோக்கியிலிருந்து ஒரு கிலோகூட அங்கே போகப்போவதில்லை. விற்ற எரிவாயு எரியும்போது வரும் கரியமில வாயுவும் அந்தக் கணக்கில் சேராது. நிலக்கரிப் படுகையிடம் நான் கேட்ட கடுமையான கேள்வியை இதனிடமும் கேட்கத்தான் வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பழைய கிணறுகள். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் தோண்டி அடைத்த கிணற்றின் சிமெண்டும் எஃகும் கரியமில வாயுவை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை அல்ல. ஈரத்தோடு சேர்ந்தால் அது அமிலமாகி இரண்டையும் அரிக்கும். கிணறுகளோடு நீண்ட காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூடுபாறையைப் பற்றி எனக்குக் கவலை குறைவு, அதைத் துளைத்துச் சென்ற பழைய கிணறுகள் ஒவ்வொன்றையும் பற்றித்தான் கவலை. கடலில் ஒரு பழைய கிணற்றைத் திரும்பத் திறந்து சரியாக அடைப்பது மிகுந்த செலவு பிடிக்கும் வேலை. பதிவேட்டில் கிணற்றின் நிலை ஒன்றாகவும், திறந்து பார்த்தால் வேறாகவும் இருப்பதை நானே ஒருமுறை கண்டிருக்கிறேன்.

பொறுப்பு யாருடையது என்பதில் நம் நாட்டுச் சட்டம் ஓரளவு வழி காட்டுகிறது. 2025-இல் மக்களவை நிறைவேற்றிய கரியமில வாயுச் சேமிப்புச் சட்டம், சேமிப்பிடத்தை மூடிய பிறகான கண்காணிப்புக்கென ஒரு நிதியை ஏற்படுத்துகிறது. அது தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் மட்டுமே பொருந்தும். சரவாக் தன் விதிகளை 2022-லேயே தனியாக வகுத்துக்கொண்டது.

## உவர்நீர்ப் பாறை

ஆழத்தில் உப்பு நீர் நிறைந்த மணற்கல் அடுக்குகள் கொள்ளளவில் மற்ற இரண்டையும் மிஞ்சுபவை. வேகத்திலும் மிஞ்சக்கூடும். நார்வேயின் சிலைப்னர் வயலில் 1996 முதல், கடலடியிலிருந்து எண்ணூறு முதல் ஆயிரம் மீட்டர் ஆழத்திலுள்ள உத்சிரா மணற்கல்லுக்குள், ஒரே ஒரு கிணறு வழியாக, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லியன் டன் வரை செலுத்தப்பட்டது. நாளொன்றுக்கு 2,700 டன். போலந்தில் ஒரு கிணறு பதினைந்து டன்னுக்குத் தடுமாறியதை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வேறு விளக்கம் தேவையில்லை. நார்வே 1991-இல் விதித்த கரிம வரிதான் அந்தத் திட்டத்தைச் சாத்தியமாக்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். விற்பதற்கு அங்கே எந்த உபரிப் பொருளும் கிடைக்கவில்லை.

ஆனால் எல்லா மணற்கல்லும் உத்சிரா ஆகாது. அதே நார்வேயின் ஸ்னோவிட்டில் 2008-இல் செலுத்தத் தொடங்கிய அடுக்கில் அழுத்தம் எதிர்பார்த்ததைவிட விரைவாக ஏறியதால், 2011-இல் வேறு அடுக்குக்கு மாற வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியாவின் கோர்கன் திட்டம் 2019-இல் தொடங்கியும், உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதில் ஏற்பட்ட சிக்கலால், திட்டமிட்ட அளவை எட்டவில்லை. இந்த வழியின் மறைமுகச் செலவு அறியாமையே: யாரும் எண்ணெய் தேடாத இடம் என்பதால் தரவு குறைவு, ஆய்வுக் கிணறுகளும் நிலநடுக்க அலை ஆய்வும் செய்து முடிக்கவே பல ஆண்டுகள் போகும்.

## பத்து ஆராங் ஏன் ஆகாது

மாணவரின் முதல் தலைப்பு பத்து ஆராங்கைப் பற்றியது. கோலாலம்பூருக்கு வடமேற்கே, ரவாங்கை அடுத்த அந்த ஊரில் 1915 முதல் 1960 வரை நிலக்கரி வெட்டினார்கள். நம்மவர்களும் அங்கே உழைத்தார்கள். பழைய செங்கல் புகைபோக்கிகள் இன்றும் நிற்கின்றன. ஊரின் பெயரிலேயே கரி இருப்பதால் (மலாயில் ஆராங் என்றால் கரி) அவருக்கு அந்த எண்ணம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் படுகை சிறியது, ஆழம் போதாது, பழைய சுரங்கப் பாதைகள் அதை ஊடறுத்துக் கிடக்கின்றன, அதன் மேல் மக்கள் குடியிருக்கிறார்கள். அழுத்தத்தில் செலுத்திய வாயுவுக்கு அந்தப் பாதைகளே வெளியேறும் வாசலாகும். சரவாக்கின் முக்கா, பாலிங்கியான் வட்டாரத்தில் நிலக்கரி நிறையவே இருக்கிறது. அதை இன்றும் வெட்டி மின்நிலையத்தில் எரித்துக்கொண்டிருக்கிறார்கள். வெட்டப்போகும் கரியில் எதையும் புதைக்க முடியாது.

உரிமைச் சிக்கலும் உண்டு. நிலமும் நிலத்திலுள்ள கனிமமும் மாநிலத்தின் அதிகாரம். பெட்ரோலியம் 1974 சட்டப்படி பெட்ரோனாசிடம். நிலக்கரியில் ஒட்டியிருக்கும் மீத்தேன் எந்தப் பக்கம் சேரும் என்பதை முதல் கிணறு தோண்டும் முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

## யாருக்கு எது

வாயு வரும் இடத்துக்கு அருகிலேயே, எக்காலத்திலும் வெட்டப்போகாத, ஆழமான, பிளவுகள் நன்றாகத் திறந்த நிலக்கரி இருக்கிறது. குழாயும் கிணறுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. அருகில் வேறு சேமிப்பிடம் இல்லை. கிடைக்கும் மீத்தேன் குறிப்பிட்ட ஓர் அனல் உலையை நிறுத்தும். இத்தனையும் பொருந்தும் இடத்தில் நிலக்கரிப் படுகைதான் சிறந்த தேர்வு. சீனாவின் ஷான்சி மாநிலத்து சின்ஷுய் படுகையில் 2004-இல் 192 டன் செலுத்திப் பார்த்ததன் பின்னணியில் இத்தகைய கணக்கே இருந்தது. உள்நாட்டின் நடுவில், கடல் வயல்களுக்கு வெகு தொலைவில் இருக்கும் நிலக்கரி மாநிலம் அது. நிலக்கரியை வெட்டத்தான் போகிறோம் என்றால், கரியமில வாயுப் பேச்சை விட்டுவிட்டு மீத்தேனை மட்டும் முன்கூட்டியே வடித்தெடுத்துவிடுவது நல்லது. காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்தால் வெடிக்கும் வாயு அது. தொழிலாளரின் உயிருக்கும் நன்மை, வளிமண்டலத்துக்கும் நன்மை.

மலேசியாவைப் பொறுத்தவரை என் தேர்வு வற்றிய எரிவாயு வயல். பழைய கிணறுகள் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, முடிவுகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இதைச் சொல்கிறேன். உவர்நீர்ப் பாறையை ஆராயும் வேலையை இப்போதே தொடங்கினால்தான் பத்தாண்டுகளுக்குப் பிறகு அது கைகொடுக்கும். நிலக்கரி மின்நிலையங்களை 2044-க்குள் மூடுவது அரசின் திட்டமாக இருக்கையில், அவற்றின் புகையைப் பிடிப்பதற்கென்று புதிய கட்டமைப்பில் முதலீடு செய்வதைவிட, எளிதில் மாற்றுவழி கிடைக்காத சிமெண்டு ஆலைகளுக்கும் எஃகு ஆலைகளுக்கும் அந்தச் சேமிப்பிடத்தை ஒதுக்குவதே சரியென்று நினைக்கிறேன்.

நிலக்கரிப் படுகை மீத்தேனையே படிக்க விரும்புகிறவர்கள் மனம் தளர வேண்டாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து எடுக்கும் எரிவாயுவைத் திரவமாக்கி ஏற்றுமதி செய்யும் கிளாட்ஸ்டன் திட்டத்தில் பெட்ரோனாசுக்கு 27.5 விழுக்காடு பங்கு இருக்கிறது. அங்கே கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

மாணவர் பத்து ஆராங்கை விட்டுவிட்டார். இரண்டுக்கு ஒன்று விகிதத்தில், இருபது ஆண்டுக் கணக்கில், எவ்வளவு மீத்தேன் கசிந்தால் புதைத்ததன் பயன் முழுவதும் அழிந்துபோகும் என்பதைத் தன் ஆய்வின் முதல் அத்தியாயமாக வைத்திருக்கிறார். சென்ற சனிக்கிழமை கொண்டுவந்து காட்டிய தாளில் விடை சுமார் மூன்றரை விழுக்காடு என்று இருந்தது. நானும் தனியாகப் போட்டுப் பார்த்தேன்; அதே எண்தான் வந்தது. பிரித்தெடுக்கும் ஆற்றலைச் சேர்த்தால் அந்த எல்லை எவ்வளவு கீழே இறங்கும் என்பதை அடுத்த வாரம் போட்டுக்கொண்டு வருகிறார்.